சென்னியப்பனின் உற்பத்திப் பதிவு

தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாள் சென்னியப்பனின் ஐந்து ரிவால்வர்களுக்கும் பூத் சிலிப் வந்தது. சென்னியப்பனுக்கு வரவில்லை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுப் போட வயது பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். ஐந்தில் இளையதற்கே நூற்றுப் பதினாறு. அதோடு ஐந்துக்கும் பக்காவாகக் கடிதம் இருந்தது. சென்னியப்பனுக்குக் கடிதம் இல்லை.

கடிதம் என்றால் சாதாரணக் கடிதம் அல்ல. சென்னியப்பன் ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகப் பழைய ரிவால்வர் சேர்க்கிறார். ஒன்றையும் சுட்டதில்லை, சத்தம் அவருக்கு ஆகாது. ஒன்று கைக்கு வந்ததும் அதன் கைப்பிடிக்கு அடியில் இருக்கும் எண்ணை லென்ஸ் வைத்துப் படிப்பார். அதைக் கடல்தாண்டி இருக்கும் தொழிற்சாலையின் பதிவறைக்கு எழுதிப் போடுவார். அங்கே பழைய பேரேடுகளைப் புரட்டிப் பார்த்துப் பதில் போடுவார்கள். எந்த நாளில் செய்து முடித்தது, குழல் எத்தனை அங்குலம், என்ன பூச்சு, எந்த ஊர் எந்தக் கடைக்கு அனுப்பியது என்று எல்லாம் அதில் இருக்கும். பதில் வந்த நாளில் சென்னியப்பன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அதைச் சத்தமாக வாசிப்பார். அவர் மனைவி நாச்சம்மாள் சமையல்கட்டிலிருந்து கேட்பாள். கேட்டாளா என்று அவர் விசாரித்ததில்லை.

கடிதம் இல்லாத ரிவால்வரை அவர் மதிக்க மாட்டார். ஒருமுறை நண்பர் ஒருவர் வெள்ளி வேலைப்பாடு செய்த ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். கைப்பிடியில் ஒரு எண், உருளையில் வேறு எண். "டூப்ளிகேட்டு" என்று சொல்லி சென்னியப்பன் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். நண்பர் அதற்கப்புறம் வரவில்லை. தன் மகள் கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. உண்மை கசக்கத்தான் செய்யும் என்று சென்னியப்பன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தேர்தல் வந்தால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்தபிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னியப்பன் ஐந்தையும் அவற்றின் கடிதங்களையும் மஞ்சப்பையில் போட்டு மொபெட்டில் கிளம்பினார்.

ஸ்டேஷன் ரைட்டர் கோதண்டபாணி கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நிதானமாகப் படித்தார். படித்து முடித்தபோது அவருடைய மீசை சற்று நரைத்திருந்தது.

"இவங்க அஞ்சு பேரும் வாக்காளருங்க. வாக்காளரை உள்ள வெக்க எங்களுக்கு அதிகாரமில்லீங்க."

"அப்ப திருப்பி எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?"

"அவங்க போலாமுங்க. நீங்க உங்க கடிதத்தைக் குடுங்க."

"எனக்கு ஏதுங்க கடிதம்? நான் மனுசனுங்க."

"வர்றவங்க எல்லாரும் அதையேதானுங்க சொல்றாங்க."

சென்னியப்பன் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். கோதண்டபாணி அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

"அட்டைல நெம்பர் இருக்குதுங்க. உங்க மேல இந்த நெம்பர் எங்க அடிச்சிருக்குது?"

சென்னியப்பன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். சரியான கேள்வி அது. காகிதத்தில் இருக்கும் எண் உருப்படியிலும் இருக்க வேண்டும் என்று முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். கோதண்டபாணி மேல் அவருக்கு மரியாதைகூட வந்தது.

கோதண்டபாணி ரசீது எழுதினார். 'பழைய உருப்படி ஒன்று. கடிதம் இல்லை. இயங்கும் நிலை தெரியவில்லை.' ஒரு அட்டைத் துண்டைச் சணல் கயிற்றால் சென்னியப்பனின் சட்டைப் பொத்தானில் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்தார்.

"எண்ணிக்கை முடியறதுக்குள்ள வீட்டுல இருந்து யாராச்சும் கடிதம் கொண்டாந்தா உங்களை விட்டிருவோமுங்க."

"கொண்டாராட்டி?"

"லாரி வருமுங்க. உருக்கறதுக்கு."

"என்னையுமுங்களா?"

"ரூல்ல தனியா ஒண்ணும் போடலீங்க."

ஐந்து ரிவால்வர்களும் ஏழாம் நம்பர் பஸ் ஏறி வீட்டுக்குப் போயின. மொபெட் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. ரிவால்வர்களில் எதற்கும் ஓட்டுநர் உரிமம் கிடையாது.

ஆயுத அறையில் சென்னியப்பனுக்கு ஒரு தட்டு ஒதுக்கினார்கள். பக்கத்தில் ஏதோ தோப்புக்காரரின் இரட்டைக் குழல் துப்பாக்கி சாய்ந்திருந்தது. சென்னியப்பன் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அது பேசவில்லை. துப்பாக்கி பேசாது என்பது சென்னியப்பனுக்கும் தெரியும். ஆனாலும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் நாச்சம்மாள் டிபன் கேரியரோடு வந்தாள். அட்டையைத் திருப்பிப் படித்தாள். பிறகு தக்காளிச் சாதத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

"வீட்டுல எல்லாம் எப்பிடி இருக்குது புள்ள?"

"நல்லா இருக்கறாங்க. மூத்தவரு பேப்பர் படிக்கறாரு. படிச்சா மடிச்சு வெச்சறாரு."

"நிக்கல் பூச்சுக்காரனுக்கு ஈரம் ஆகாது. பாத்துக்க."

"தெரியுமுங்க. அவரே சொன்னாரு."

"பேசறாங்களா?"

"நாம கேட்டாப் பேசறாங்க. நேத்து என்னைய, காலு வலிக்குதான்னு கேட்டாரு."

சென்னியப்பன் கையிலிருந்த கவளத்தைத் திரும்ப வைத்தார். நாச்சம்மாளின் கால் வலிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. எந்தக் கால் என்று கேட்க வாயெடுத்தார். இனிமேல் கேட்டால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"எனக்கு நீதான் கடிதம் வாங்கித் தரோணும். இல்லாட்டி உருக்கிருவாங்களாம்."

நாச்சம்மாள் கேரியரை ஒவ்வொரு அடுக்காக மூடினாள். மூடும்போது யோசித்தாள். அவள் யோசித்தது சென்னியப்பனைப் பயமுறுத்தியது.

"சரிங்க. நாளைக்கு வர்றேன். இன்னைக்கு அவங்களைக் கூட்டிட்டு பூத்துக்குப் போகோணும்."

மறுநாள் நாச்சம்மாள் வந்தாள். அன்றுதான் ஓட்டு எண்ணிக்கை. ஓட்டுப் பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் ஒரு மாதம் இருந்திருக்க வேண்டும், ஆனால் அதை யாரும் அங்கே கொண்டுவந்து சேர்க்கவில்லை. பதிவறை எங்கே என்று நாச்சம்மாள் கேட்டாள். ஸ்டேஷன் நடையிலேயே நேராகப் போனால் கடைசி அறை என்றார் கோதண்டபாணி.

"கடல்தாண்டியில்ல இருந்துச்சு?" என்றார் சென்னியப்பன்.

"நடை கொஞ்சம் நீளமுங்க."

உருப்படி இல்லாமல் கடிதம் தர மாட்டார்கள் என்பதால் நாச்சம்மாள் ரசீதில் கையெழுத்துப் போட்டு சென்னியப்பனையே எடுத்துக்கொண்டு நடந்தாள். நடை நீண்டது. பாதி வழியில் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்கள். காலண்டர்கள் மாட்டியிருந்த இடத்தைத் தாண்டினார்கள். உப்புக் காற்று அடித்தது. இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நடந்து எத்தனை வருடம் இருக்கும் என்று சென்னியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். எண்ணிக்கை நினைவில் இல்லை. நிக்கல் பூச்சு ரிவால்வர் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அது மட்டும் நினைவில் இருந்தது.

"நம்ம கண்ணாலம் என்ன மாசமுங்க? கேட்டாங்கன்னா சொல்லோணுமில்ல?" என்றாள் நாச்சம்மாள்.

"வைகாசி."

"ஆவணிங்க."

சென்னியப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருவரும் தொடர்ந்து நடந்தார்கள்.

பதிவறையில் இருந்தவரும் கோதண்டபாணிதான். அங்கே மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். ரைட்டர் கோதண்டபாணியைத் தெரியுமா என்று கேட்டதற்கு, அப்படி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். அவருடைய தமிழும் இங்கே மாறியிருந்தது.

"உருப்படியின் எண்?"

நாச்சம்மாள் லென்ஸ் வாங்கிச் சென்னியப்பனின் பிடரியில் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். சென்னியப்பன் ஒற்றைக் காலில் நின்றார்.

"நெம்பர் எங்கயும் இல்லீங்க."

"எண் இல்லையெனில் பாகம் பாகமாகப் பார்க்க வேண்டும். பற்கள்?"

"கீழ் வரிசைல நாலு கட்டுனதுங்க."

"கண்கள்?"

"ரெண்டும் ஆபரேசனாகி லென்ஸ் வெச்சதுங்க."

"சிரிப்பு?"

"அது அவரோட அண்ணனுதுங்க. அவரு போனதுக்கப்புறம் இவருக்கு வந்துச்சு."

"கையெழுத்து?"

"மாமனாருதுங்க. ரேங்க் கார்டுல போட்டுப் பழகி அப்பிடியே நின்னுபோச்சு."

"கோபம்?"

"மில்லு மேனேஜரோடதுங்க. வேலைக்குச் சேர்றப்ப இது இல்ல."

பதிவறைக்காரர் எழுதிக்கொண்டே போனார். நாச்சம்மாள் தயங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்புவார், எந்தச் செருப்பு முதலில் தேயும், தும்மலுக்கு முன் என்ன முகம் காட்டுவார் என்று அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தன்னைப் பற்றி இத்தனை விவரமான பதிவு முப்பத்தெட்டு வருடமாகச் சமையல்கட்டில் இருந்திருக்கிறது. சென்னியப்பன் அதற்கு ஒருநாளும் எழுதிப் போட்டுக் கேட்கவில்லை. 

பதிவறைக்காரர் பேரேட்டை மூடினார்.

"பல இடத்துப் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. அசல் அல்ல."

"டூப்ளிகேட்டுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"ஆம்."

"தேய்ஞ்சுபோன அசல்னு போட முடியாதுங்களா?"

"இயலாது. ஆனால் போலிப் பொருளை ஒப்படைக்கத் தேவையில்லை. போலி என்று தாங்களே எழுதிக் கையெழுத்திட்டால் இப்போதே போகலாம்."

சென்னியப்பன் பேனாவைக் கையில் வாங்கினார். எழுதவில்லை. வெள்ளி வேலைப்பாட்டை ஆசையாகக் காட்டிய நண்பரின் முகம் அவர் கண்முன் வந்தது. இவ்வளவு தூரம் நடந்து வந்து இதை எழுதுவதைவிட உருகிப்போவதே கௌரவம் என்று ஒரு கணம் தோன்றியது. கௌரவம் விஷயத்தில் அவர் எப்போதுமே கொஞ்சம் அப்படித்தான்.

வாசலில் லாரி வந்து நின்றது. அவ்வளவு நீளம் நடந்து வந்த பிறகும் வாசல் பக்கத்திலேயேதான் இருந்தது. லாரிக்காரர் என்ஜினை அணைக்கவில்லை.

"ஏனுங்க, லாரி நிக்குது" என்றாள் நாச்சம்மாள். அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் சென்னியப்பனுக்குப் புதிது.

அவர் எழுதினார். 'நான் டூப்ளிகேட்.' கீழே அப்பாவின் கையெழுத்தைப் போட்டார்.

பதிவறைக்காரர் அரக்கை உடைத்து அட்டையைக் கழற்றினார். பிறகு நாச்சம்மாளைப் பார்த்து ஒரு புதுப் படிவத்தை எடுத்தார்.

"இது போலி என்றால் அசல் எங்கேயோ இருக்கிறது. தேடித் தரலாம். விண்ணப்பிக்கிறீர்களா?"

நாச்சம்மாள் படிவத்தைப் பார்த்தாள்.

"அவரு எப்பிடிங்க இருப்பாரு?"

"இவரைப் போலவேதான். நன்றாக இயங்குவார்."

நாச்சம்மாள் யோசித்தாள். சென்னியப்பன் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் எந்தப் பதிலுக்கும் அவர் இப்படிக் காத்திருந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடு புள்ள என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"தேடுங்க" என்றாள் நாச்சம்மாள். "அவசரமில்லீங்க. அதுவரைக்கும் இவரு இருக்கட்டும்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். மொபெட்டை அவளே எடுத்தாள். அவள் மொபெட் ஓட்டுவாள் என்பதும் சென்னியப்பனுக்குத் தெரியாது. பின்னால் ஏறிக்கொண்டார்.

பதிவறையில் ஒரு விஷயத்தைத் தேடி எடுக்கக் குறைந்தது எட்டு மாதம் ஆகும். பேரேடு கிழிந்திருந்தால் பத்து மாதம். வழியெல்லாம் சென்னியப்பன் இதையே விரல்விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். எட்டு மாதம் என்பது நீளமாகவும் இருந்தது, போதாததாகவும் இருந்தது.

"உனக்கு எந்தக் கால் புள்ள வலிக்குது?" என்று கேட்டார்.

"ரெண்டுமுங்க."

சந்தையில் நாச்சம்மாள் வண்டியை நிறுத்தினாள். கத்தரிக்காயும் வெங்காயமும் வாங்கினாள். சென்னியப்பன் கேட்காமலே பையை வாங்கிக்கொண்டார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. நாச்சம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.  இன்னொரு பையையும் கொடுத்தாள்.