வியாழக்கிழமை முறை

நவரட்ணத்தின் தோட்டத்தில் இரும்புக் கால்கள் முளைத்ததை ஐரிஸ் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். ஆள் உயரத்துக்கும் மேலாகக் கால்கள், அவற்றின் மேல் சாய்ந்த நீலத் தகடுகள், தகடுகளின் கீழே கீரையும் கறிமிளகாயும். மேலே விழுகிற வெயில் மின்சாரமாகும், கீழே அரை நிழலில் பயிர் வளரும், அந்த மின்சாரமே கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் என்று பண்டத்தரிப்புச் சந்தை முழுக்கக் கதை. "நவரட்ணத்தார் இனி வெயிலையும் நிறுத்து விக்கப் போறார்" என்று தேத்தண்ணிக் கடையில் பகிடி விட்டார்கள். இப்போது நிற்பது வெறும் மாதிரிதான். நிதி கொடுக்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துத் திருப்திப்பட்டால், தோட்டம் முழுவதற்கும் தகடு போடும் செலவை அவர்களே ஏற்பார்கள்.

நவரட்ணம் அவளுடைய புருஷன் நதானியேலின் கூடப்பிறந்த தமையன். எல்லை வேலியில் நட்ட கதியால் ஒன்று நகர்ந்ததில் தொடங்கிய சண்டையால் இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை, நன்மை தின்மைக்குப் போக்குவரத்தும் இல்லை. ஆனால் கிணறு ஒன்று. தகப்பன் காணியைப் பிரித்துக் கொடுத்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாமல் முறை வைத்துவிட்டுப் போனார். திங்கள், புதன், வெள்ளி மூத்தவனுக்கு. செவ்வாய், வியாழன், சனி இளையவனுக்கு. ஞாயிறு கிணற்றுக்கும் ஓய்வு. இன்னொன்றும் சொல்லி வைத்தார்: முறைத் தண்ணீர் பயிருக்குத்தான் பாய வேண்டும். வெறும் தரைக்குப் பாய்ச்சினால் மற்றப் பங்காளி வந்து மறிக்கலாம்.

ஆறு வருசத்துக்கு முன் நதானியேலை அடக்கம் செய்தது ஒரு திங்கட்கிழமை. பெட்டி முற்றத்தில் இருந்தது. போதகர் சங்கீதம் வாசிக்க வாயெடுத்த நேரம், வேலிக்கு அந்தப் பக்கம் நவரட்ணத்தின் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடத் தொடங்கியது. டக் டக் டக் டக். போதகரின் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. ஊரில் ஒரு சாவு என்றால் முகந்தெரியாதவன்கூட மண்வெட்டியைக் கீழே வைப்பான். பக்கத்துக் காணிச் சோமசேகரம் வேலியடிக்கு ஓடிப் போய்ச் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்தவர் ஐரிசின் முகத்தைப் பார்க்காமல்தான் பதிலைச் சொன்னார்.

"வெங்காயத்துக்குச் செத்தவீடு தெரியுமோ எண்டு கேக்கிறார். இண்டைக்குத் தன்ரை முறையாம்."

பெட்டியை மூடுமட்டும் மிசின் நிற்கவில்லை. அன்றிலிருந்து கோயிலில் ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றிய அந்த வரி வந்தால் ஐரிஸ் வாயை மூடிக்கொள்வாள். வரி கடந்துபோனதும் திரும்பச் சேர்ந்துகொள்வாள். எதிர் வரிசை வாங்கில் இருக்கும் நவரட்ணம் முழுவதையும் உரத்துச் சொல்வார். அவருக்குக் குரல் நல்ல குரல்.

திட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஷாமினி என்ற பிள்ளை ஒருநாள் ஐரிசிடமும் வந்தாள். நல்ல பிள்ளை. செருப்பை வாசலிலேயே கழற்றினாள், கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தாள்.

"உங்கடை காணியையும் சேர்க்கலாம் அன்ரி. ஒரே கிணறுதானே. மண்ணெண்ணெய்ச் செலவு இல்லை, மிசின் இழுக்கிற அலுப்பு இல்லை. நிதி குடுக்கிறவைக்கும் ரெண்டு பங்காளியும் சேர்ந்து நிக்கிறதுதான் விருப்பம்."

"அவை எப்ப வருகினம் பிள்ளை?"

"வாற வியாழன்."

"வியாழனோ?"

"ஓம் அன்ரி."

ஐரிஸ் கோப்பையை வாங்கி ஒரு பக்கம் வைத்தாள். "வியாழன் ஆரின்ரை முறை எண்டு நவரட்ணம் அத்தான் சொன்னவரோ?"

"கேட்டனான். அது பிரச்சினை இல்லையாம். நீங்கள் வெங்காயம் கிண்டி எடுக்கப் போறியளாம். கிண்டுற நேரம் ஒருத்தரும் இறைக்கமாட்டினமாம். கிணறு சும்மாதான் கிடக்குமாம்."

"என்னட்டை ஒருக்காக் கேக்கச் சொல்லேல்லையோ?"

ஷாமினி யோசித்தாள். "இல்லை அன்ரி. அவளட்டை என்ன கேக்கக் கிடக்கு எண்டார்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று அந்தப் பிள்ளைக்கு விளங்கியது. ஐரிஸ் சிரித்தாள். "ஓமோம். என்னட்டை என்ன கேக்கக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடட்டோ?"

நவரட்ணம் சொன்னது பிழையில்லை. ஐரிசின் வெங்காயம் முற்றித் தாள் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் கட்டினால் காய் அழுகும், இது வலிகாமத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். கிண்ட ஆட்களும் சொல்லியாயிற்று. ஷாமினி வேலிப் படலை தாண்டியதும் ஐரிஸ் அந்த ஆட்களிடம் போய், வியாழன் கழிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு வந்தால் போதும் என்றாள். பிறகு நதானியேலின் பழைய மிசினைச் சங்கானைக்குக் கொண்டுபோனாள். திருத்துகிறவன் எல்லாவற்றையும் கழுவி மறுபடி பொருத்திவிட்டு, "சைலன்சர் உக்கிப்போச்சு அக்கா, புதுசு போடுவமோ?" என்று கேட்டான்.

"உக்கினதைக் கழட்டி எறி தம்பி. புதுசு வேண்டாம்."

"காது கிழியும் அக்கா."

"கிழியட்டும்."

வியாழன் காலை நவரட்ணத்தின் தோட்டத்தில் பந்தலும் வெள்ளைக் கதிரைகளும் தயாராக இருந்தன. அவர் வேட்டி சால்வையோடு தகடுகளின் நிழலில் நடந்து, கறிமிளகாய் இலையில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஐரிஸ் குழாயைக் கிணற்றில் இறக்கிக் கயிற்றைச் சுற்றி இழுத்தாள். முதல் இழுவையிலேயே மிசின் பிடித்தது. வேலியில் இருந்த காகங்கள் எல்லாம் ஒன்றாய்க் கிளம்பின.

தண்ணீர் வாய்க்கால் வழியே போய்ச் சாய்ந்து கிடந்த வெங்காயத் தாள்களுக்கு நடுவே புகுந்தது. அவள் மண்வெட்டியோடு நின்று ஒவ்வொரு பாத்தியாகத் திறந்துவிட்டாள். ஒரு சொட்டும் வெறும் தரைக்குப் போகவில்லை.

சோமசேகரம் வேலியில் இருந்த இடைவெளியான பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார். "பிள்ளை! உதென்ன வேலை?" என்று கத்தினார்.

"தண்ணி கட்டுறன் அண்ணை."

"கிண்டுற வெங்காயத்துக்கோ? உனக்கென்ன விசரே?"

"அவர் அனுப்பினவரோ?"

"பின்னை? வெள்ளைக்காறர் யாழ்ப்பாணத்தாலை வெளிக்கிட்டினமாம், ஒருக்கா நிப்பாட்டட்டாம். நான் என்ன உங்கடை ரெண்டு பேருக்கும் ஆயுள் முழுக்கத் தபால்காரனோ?"

"கடைசித் தபால் அண்ணை இது. வெங்காயத்துக்கு வெள்ளைக்காறரைத் தெரியுமோ எண்டு கேளுங்கோ. இண்டைக்கு என்ரை முறை எண்டும் சொல்லுங்கோ."

சோமசேகரம் தலையை இழுத்துக்கொண்டார். வேலிக்கு அப்பால் அவர் போகும்போது, அடக்கமாட்டாமல் ஒரு சிரிப்போ இருமலோ கேட்டது.

வாகனங்கள் வந்தன. மாலை போட்டார்கள். ஷாமினி பேசினாள், அவளுடைய உதடு அசைவது தெரிந்தது. வந்தவர்களில் ஒரு பெண் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னுக்குக் குனிந்தாள். நவரட்ணமும் பேசினார். கோயிலையே நிறைக்கும் அந்தக் குரலில் ஒரு சொல்கூட மிசினைத் தாண்டவில்லை. ஐரிஸ் பாத்தியில் நின்றபடியே அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருசத்தில் அப்படி ஒரு நிம்மதியான காலை அவளுக்கு வாய்த்ததில்லை.

கிணறு ஆடி வெயிலில் ஏற்கெனவே அடிக்கு இறங்கிய கிணறு. அவளுடைய மிசின் முட்டி முட்டி உறிஞ்சியதில் அடிப்பாறை தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரர் ஒருவர் தகட்டு மின்சாரத்தில் ஓடும் பம்பின் சுவிச்சைப் போட்டார். எல்லோரும் குழாய் வாயைப் பார்த்தார்கள். ஒரு விக்கல், ஒரு கை மண்டித் தண்ணீர், பிறகு காற்று. தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிற்கும்படி செய்த பம்ப் அது. நின்றது.

நவரட்ணம் வேலிப் பொட்டைக் கடந்து வந்தார். சண்டை தொடங்கிய நாளிலிருந்து அவருடைய கால் அந்த மண்ணில் படுவது அதுதான் முதல் தடவை. சால்வை கதியாலில் கொழுவிக் கிழிந்தது.

"நிப்பாட்டும் ஐரிஸ்! தண்ணியை வெறுந்தரைக்கு விடுறீர், எனக்கு மறிக்க உரிமை கிடக்கு!"

"வாங்கோ அத்தான். வந்து பாருங்கோ."

அவர் பாத்தியடிக்கு வந்தார். வந்து நின்றார். மஞ்சள் தாள்கள் சேற்றில் மிதந்தன. நல்ல சிவப்பில், விளைச்சல் என்றால் விளைச்சல், சந்தையில் எவனும் கண்வைக்கிற காய் அத்தனையும் தண்ணீருக்குள் கிடந்தது. அவரும் பயிர் செய்யும் கமக்காரன். அவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. கோபம் வழிந்துபோய் அவருடைய முகம் வேறு மாதிரியானது.

"முழுதும் அழுகப் போகுது" என்றார், கிட்டத்தட்டத் தனக்குள். ஐரிஸ் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள்.

"ஓம்."

"ஒரு போகம் முழுக்க... உதுக்காகவோ?"

"உங்களுக்கு அண்டைக்குச் செத்தவீடு தெரியேல்லை அத்தான். எனக்கு இண்டைக்கு வெங்காயம் தெரியேல்லை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐரிஸ் காதைக் காட்டித் தலையை ஆட்டினாள்: கேட்கவில்லை. அவர் வந்த பொட்டாலேயே குனிந்து திரும்பிப் போனார்.

வாகனங்கள் ஒழுங்கையால் போய் முடிந்த பிறகுதான் அவள் மிசினை நிறுத்தினாள். மாலையில் ஷாமினி வந்து வாசலிலேயே நின்றாள். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை.

"அவை அரியாலைப் பக்கம் வேறை ஒரு தோட்டத்துக்குக் குடுக்கப் போகினம். கிணற்றிலையே சமாதானம் இல்லாத இடத்திலை காசு போடேலாதாம். உங்களுக்கும்தானே அன்ரி கிடைச்சிருக்கும்."

"தெரியும் பிள்ளை."

"பிறகேன்?"

"அண்ணை தம்பி கூடப்பிறந்தவை பிள்ளை. என்ரை மனுசன்ரை செத்தவீட்டிலை சங்கீதம் என்ன வாசிச்சதெண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது" என்றாள் ஐரிஸ். ஷாமினிக்கு அது பதிலாக விளங்கவில்லை. அவள் போய்விட்டாள்.

கிண்டுகிற ஆட்கள் சொன்னபடி வந்தார்கள். காயைத் தொட்டதும் தோல் கையோடு வந்தது. நாற்றம் தாங்காமல் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, இதை எங்கே கொட்டுவது, குழி வெட்டிப் புதைப்பமோ என்று கேட்டார்கள். புதைக்க வேண்டாம் என்றாள். எச்சிலில் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நவரட்ணத்தின் குசினி யன்னலுக்கு நேரே போகிற இடத்தை வேலியோரம் காட்டினாள்.

"அதிலை குவியுங்கோ" என்றாள். "மூட வேண்டாம்."