தொட்டி இருமல்

வெந்நீர்த் தொட்டிகளின் மேல் ஆவி. மழை நாளில் அது கூரைக்குப் போகாது. முகத்துக்கு நேரே நிற்கும். ஆவிக்குள் பட்டுக்கூடுகள் வெள்ளையாய் மிதக்கும்.

நான் வேடியம்மாள். தர்மபுரியில் ஒரு பட்டறையில் கூட்டை வேகவைத்து நூலெடுக்கிறவள். எனக்கு மழையும் இந்த ஆவிதான், வெயிலும் இந்த ஆவிதான்.

கூடு வெந்தால் பசை கரையும். பசை கரைந்தால் நூல் பிரியும். உள்ளே புழு செத்திருக்கும். பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போய்விட்டது.

ஐப்பசி வந்தால் பட்டறையில் எல்லாருக்கும் மூச்சு இளைக்கும். நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தொட்டி இருமல் என்று அதற்குப் பேர் வைத்திருந்தோம். பேர் வைத்த பிறகு அது நோயாகவே தெரியவில்லை. வீட்டு நாய் மாதிரி அதுபாட்டுக்குக் கூடவே கிடந்தது.

நோய் என்றால் எனக்குக் கல்லீரலில் வந்த கட்டிதான். அறுத்தெடுக்க முடியாத இடம். அதற்காகத்தான் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சம்யுக்தா சின்ன வயசு. பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

"பட்டுப் புரதத்துல கண்ணுக்கே தெரியாத நானோ உருண்டைங்க செஞ்சு, அதுக்குள்ள மருந்து வச்சிருக்கோம்மா. கட்டிகிட்ட போய்த்தான் அவிழும். பட்டுன்னா உடம்பு வேத்தாளா பாக்காது."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பட்டு நான் வேகவைத்த கூட்டில் எடுத்ததாகக்கூட இருக்கலாம்.

என் வீட்டுக்காரர் மாதையன் சிரித்தார். "பட்டு எடுக்கிறவளுக்கே பட்டு மருந்தா!"

"உங்களுக்கு எதாச்சும் ஒத்துக்காதாம்மா? சாப்பாடு, மாத்திரை, தூசி?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றேன்.

பொய் சொல்லவில்லை. தொட்டி இருமல் என் நினைவுக்கே வரவில்லை.

ஜன்னலில் மழை. குழாய் வழியே மருந்து இறங்கியது. சொட்டு. சொட்டு. தெளிந்த தண்ணீர் மாதிரி. பிழைத்துவிடுவேன் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உதடு கனத்தது. பிறகு அந்த விசில். பழகிய விசில்தான். ஆனால் இவ்வளவு அவசரமாக அது வந்ததே இல்லை.

டாக்டர் ஓடி வந்தார். "இதுக்கு முன்னாடி இப்படி இளைச்சிருக்கா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. மாதையன்தான் சொன்னார். டாக்டர் பயந்துவிடக் கூடாதே என்று சிரித்த முகமாகச் சொன்னார்.

"அது ஒண்ணுமில்லைங்க. கூடு வேகுற ஆவி பட்டா இவளுக்கு எப்பவும் வர்றதுதான். பட்டறையில எல்லாருக்கும் உண்டு."

டாக்டரின் முகம் வெளுத்தது. குழாயை அடைத்தார். யாரையோ கத்தி அழைத்தார். மாதையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், பாவம்.

பட்டறையில் இளைப்பு முற்றினால் வாசலுக்கு ஓடி வந்துவிடுவேன். மழையில் நின்று மூச்சை இழுப்பேன். சரியாகிவிடும்.

இப்போது பட்டு என் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் எந்த வாசலுக்கு ஓடுவேன்?