நாய்ப்பல் தையல்

கூடாரப் பண்டிகையின் நடுநாட்களில் யூதர் தெருவின் கிழக்கு ஓரம் நூல் பிரியத் தொடங்கியது. முதலில் ஒரு விளக்குக் கம்பம் இழை இழையாகக் கழன்று காற்றோடு போனது. அடுத்து மொர்தெகாய் வீட்டு வாசற்படி. மொர்தெகாய் தனியாள். வீட்டை விட்டு வர மாட்டேன் என்று சொல்லி, படியில்லாத வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தெருவைத் தைக்கத் தெரிந்தவள் சிப்போரா. அந்தத் துறைமுகத்தில் அவளைப் போல நேர்த்தையல் போட ஆள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் பண்டிகையின் நடுநாட்களில் தொழில் செய்யக்கூடாது. செய்யாமல் விட்டால் நஷ்டமாகும் என்கிற வேலைக்கு மட்டும்தான் இடம் உண்டு. அதனால் கோணி ஊசியைத் தொடுவதற்கு முன் அவள் மதகுரு ரபி மெனாஹேமிடம் போனாள். அவர் பண்டிகைக்காகப் போட்ட ஓலைக் கூடாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பண்டிகைக்கு முன்னாடியே பிரிஞ்சிருந்துதா? சும்மா இருக்கிற நாள்ல பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டியா?” என்று கேட்டார்.

“முன்னாடியே பாத்திருந்தா விட்டு வெச்சிருப்பேனா ரபி? நேத்துதான் பிரிஞ்சுது.”

“விட்டா என்ன போகும்?”

“பொழுது சாயறதுக்குள்ள மொர்தெகாய் வீடு போயிடும். அவர் நாற்காலியோட நடுத்தெருவுல நிப்பார்.”

ரபி கை கழுவினார். “அப்போ தை. ஆனா நீ கைதேர்ந்தவ. தைக்கத் தெரியாதவன் எப்படி வேணா தைக்கலாம், நீ நேராத் தைக்கக் கூடாது. நாய்ப்பல் மாதிரி ஒண்ணு மேல, ஒண்ணு கீழ போகணும்.”

“அதுக்கென்ன, தைச்சுட்டாப் போச்சு” என்றாள் சிப்போரா.

தெருக்கோடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து தைத்தாள். தையல் நேராக விழுந்தது. பிரித்துவிட்டு இடது கையால் தைத்தாள். அதுவும் நேராக விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு தைத்தபோது முன்னைவிட நேராக வந்தது.

“ஜன்னல் போச்சு” என்றார் மொர்தெகாய்.

“பாத்தேன்.”

“இந்த வருஷம் எதுவுமே சரியில்லை. என் கூடாரத்து ஓலையில ஒரு பல்லி. நேத்து படுத்துக்கிட்டு ஓலை இடுக்கு வழியா நட்சத்திரம் பாக்கலாம்னு அண்ணாந்தா, அதுவும் அண்ணாந்து பாத்துட்டிருக்கு. அப்புறம் வீட்டுக்காரன் மாதிரி என்னைத் திரும்பிப் பாத்துது, விளக்கை எப்ப அணைப்பேன்னு.”

சிப்போராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. ஊசி எகிறி மேலே குத்தியது. குனிந்து பார்த்தாள்: அசல் நாய்ப்பல்.

“அப்புறம்?” என்றாள்.

மொர்தெகாயிடம் அதுவரை யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, விளக்கை அணைத்த கதையைச் சொன்னார். மைத்துனரின் குறட்டையைப் பற்றிச் சொன்னார், ஒற்றைக் காலுறையைப் பற்றிச் சொன்னார். வாசல் நிலை பிரிந்துகொண்டிருந்தபோதும் நிறுத்தவில்லை. சிரித்துச் சிரித்துக் கோணலாகத் தைத்தாள் சிப்போரா. பொழுது சாய்வதற்குள் ஓரம் மூடிவிட்டது.

ரபி குனிந்து தடவிப் பார்த்தார். “இதைவிட மோசமா யாராலயும் தைக்க முடியாது” என்றார்.

“என்னால முடியும்” என்றாள் அவள்.

கோணல் தையல் இழுத்ததில் தெரு வளைந்து, மொர்தெகாயின் வீடு சிப்போராவின் சமையலறையை ஒட்டி வந்து நின்றது. ஜன்னல் இருந்த இடம் இவள் அடுப்பைப் பார்த்தது.

பண்டிகை முடிந்த மாலை ரபி நினைவுபடுத்தினார்: “இனி பிரிச்சுட்டு நேராத் தைக்கலாம்.”

சிப்போரா ஊசியை எடுத்தாள். அந்தப் பக்கம் மொர்தெகாய் நாற்காலியில் இருந்தார். குறை எதுவும் சொல்லவில்லை. அவள் அதுவரை ஒரு கோணல் தையலைக்கூட விட்டுவைத்ததில்லை. ஊசியைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

“தாங்குது ரபி. இருக்கட்டும்.”

மொர்தெகாய் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குழம்பில் உப்பு அதிகம் என்றார்.

மறுநாள் தையல் கடையைத் திறந்ததும், பண்டிகை முடியக் காத்திருந்த மழை முதல் ஆளாக வந்தது. சட்டை கழுத்துப் பக்கம் இறுக்குகிறது, கொஞ்சம் பிரித்துவிட வேண்டும் என்றது. சிப்போரா செருப்பை வெளியே விடச் சொல்லிவிட்டு அளவு நாடாவை எடுத்தாள்.