பாட்டு மட்டும் போதும்

ஒலிப்பதிவுக்காரருக்குக் கடவுள் என்றாலே வேப்பங்காய். தங்கை பாடும் பிரார்த்தனைப் பாட்டு மட்டும் வெல்லக்கட்டி. வாரம் தவறாமல் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். அவள் பாடி முடித்ததும் செருப்பைத் தேடுவார். "பழத்தைத் தின்னுட்டு மரத்தைத் திட்டுற ஆளு" என்று தங்கை கேலி செய்வாள்.

இப்போது அந்தக் குரலுக்கே கண்டம். நாளை மறுநாள் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் பழையபடி வருமா என்று கேட்டால் மருத்துவர் பிடி கொடுக்கவில்லை. கூடத்தில் பதிவு செய்யலாமென்றால் வருகிறவர்களின் ஊர்ப்பட்ட இருமல். அதனால் வீட்டு அறையிலேயே சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, தங்கையை மைக் முன்னால் உட்கார வைத்தார்.

பாடினாள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், உயிர்தான் இல்லை. மறுபடி பாடினாள், அதே கதை. இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என்னம்மா, செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி பாடுற? கூடத்துல நெஞ்சைப் பிடிச்சு உலுக்குதே!"

"அங்க கடவுள்கிட்ட பாடறேண்ணே. இங்க நீ எதிர்ல உட்கார்ந்து கண்ணை உருட்டிக்கிட்டிருக்க."

"இல்லாத ஆள்கிட்ட பாட வருது, இருக்கிற அண்ணன்கிட்ட வரலையா?"

"வெளிய போண்ணே. தொண்டை தாங்காது, இன்னும் ஒரு தடவைதான்."

கருவியை ஓடவிட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று பல்லைக் கடித்தார். அவர் தொங்கவிட்ட கம்பளியே அவருக்கு வினை. ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

அவள் கதவைத் திறந்ததும் பாய்ந்து போய் ஹெட்போனை மாட்டினார். வந்திருந்தது, அதே குரல்! கண் கலங்கிவிட்டது. அதற்கும் அவருக்கு எரிச்சல்தான். கடைசிச் சரணத்துக்கு முன்னால் பாட்டு நின்று, தங்கை மெல்லப் பேசினாள்: "எங்கண்ணன் நல்லவன், கோபம்தான் ஜாஸ்தி. என் குரல் போனாலும் அவனுக்கு நீ துணையா இரு." சொன்ன கையோடு சரணத்தை எடுத்துவிட்டாள்.

அந்தப் பேச்சை வெட்டிப் பார்த்தார். சரணத்தின் முதல் சொல்லும் சேர்ந்து போனது. தள்ளி வெட்டினார், வேண்டுதல் ஒட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு காலத் தொழிலில் இப்படி அவர் தோற்றதில்லை.

"வேணாம்னா வெட்டிடுண்ணே" என்றாள் தங்கை, வெந்நீரை ஊதியபடி.

"வெட்ட முடியலையே!" என்று ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் கத்தினார். "எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாடித் தொலைச்சிருக்கியே!"