செல்லெல்லாம் செத்துப்போச்சு

புதிய மருந்தைச் சோதிப்பதற்காக ஆராய்ச்சிக்காரி பல மாதங்கள் கண்ணாடித் தட்டுகளில் பிள்ளையைப் போல வளர்த்த செல்கள் அத்தனையிலும் பூஞ்சை பிடித்துவிட்டது. தலைமை டாக்டர் கூப்பிட்டால் என்ன சொல்வது? போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, இனி இந்த வேலையே வேண்டாம் என்ற முடிவோடு சாயங்காலம் வாசலுக்கு வந்தாள்.

அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த காவலாளி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்னம்மா, முகமே சரியில்ல?"

"செல்லெல்லாம் செத்துப்போச்சுண்ணே."

"எல்லாமுமா? எவ்வளவு இருக்கும்?"

"பல லட்சம்."

"அம்மாடி, அவ்வளவு வெலையிலயா வாங்குவாங்க? என் செல்லு ஆயிரம் ரூபாதான். கீழ விழுந்தாலும் தானா எந்திரிச்சுக்கும்."

சொல்லிக்கொண்டே தன் போனைக் கழற்றிவிட்டு சார்ஜர் ஒயரை அவளிடம் நீட்டினார்.

"இதுல போடுங்க. செத்துப்போச்சுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாதும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த கண்ணீரும் கூடவே வந்தது. கடவுள் ஆறுதலை யார் கையில் கொடுத்தனுப்புவார் என்று யாருக்குத் தெரியும்? அவரைத் திருத்த மனம் வரவில்லை. சார்ஜ் நிறைய இருந்த தன் போனை ஒயரில் மாட்டி உயிர்ப்பித்தாள். உடனே மணி அடித்தது. தலைமை டாக்டர்தான்.

"சார், செல்லெல்லாம் செத்துப்போச்சு," என்றாள் களைத்த குரலில். "நாளைக்கு முதல்லேர்ந்து வளர்க்க ஆரம்பிக்கிறேன்."

ஒளிரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார் காவலாளி.

"பாத்தீங்களா, உயிர் வந்துருச்சு," என்றார்.