இருபது விநாடி விளக்கு

அந்தத் தெருவில் அவளைப் பல்பு அக்கா என்றுதான் சொல்வார்கள். சொல்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. "நான் பல்பு கொடுக்கிறவ, வாங்குறவ இல்ல" என்று சொல்லிவிட்டு வேலையில் குனிந்துகொள்வாள். ஒற்றை அறைப் பட்டறை. சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் விளக்குகள், அடுப்பை மறப்பவர்களுக்கான டைமர்கள் என்று கையடக்கமான சாமான்களை அவள் யோசித்துச் செய்வாள். அவற்றுக்குப் பெட்டி செய்து விற்பது தம்பியின் வேலை.

போன வருடம், தனியாக வசிக்கும் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, நான்கு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தாள். தம்பி தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். அம்மா தன் வீட்டை விட்டு அசையவில்லை. கேமரா வைக்கலாமா என்றதற்கு, "அதை எடுத்துக் குப்பையில போடுவேன். நான் என்ன சினிமாவா, உக்காந்து பாக்கறதுக்கு?" என்றாள். அதற்காகத்தான் அக்கா இந்த விளக்கைச் செய்தாள்.

மொத்தம் மூன்று விளக்குகள். தீப்பெட்டி அளவுதான். படுக்கையறை, கூடம், சமையலறை என்று அறைக்கு ஒன்றாகச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொன்றுக்குள்ளும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்கள். அவை வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கும். இரண்டும் ஒரே சூட்டைப் பார்த்தால் சும்மா இருக்கும். சூடான உடம்பு ஒன்று குறுக்கே நடந்தால் முதலில் ஒரு கண்ணுக்குத் தெரியும், அப்புறம் மற்றதற்கு. அந்த வித்தியாசம்தான் அதற்கு ஆள். உடனே விளக்கு எரியும். கடைசி அசைவிலிருந்து இருபது விநாடி எரிந்து அணையும். அதே நேரத்தில், ஊரின் மறுகோடியில் இருந்த பட்டறையில், அக்காவின் மேசைப் பலகையில் அந்த அறைக்கான புள்ளியும் எரியும். அம்மா எழுந்தாள், நடந்தாள், டீ போட்டாள் என்று முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம்.

தம்பி ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு. "இது ஒரே ஒரு தடவை பொய் சொன்னாலும் அம்மா என் வீட்டுக்கு வந்துடணும்."

ஏழு வாரம் அது பொய் சொல்லவில்லை.

எட்டாவது வாரம் கண் டாக்டரைப் பார்க்க வந்த அம்மா, அப்படியே பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி மூன்று. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தம்பியின் தொப்பையைப் பற்றி ஏதோ சொன்னாள்.

பலகையில் படுக்கையறைப் புள்ளி எரிந்தது.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். கூடத்துப் புள்ளி எரிந்தது. கொஞ்சம் பொறுத்துச் சமையலறை.

"டேய், டெமோவைப் போட்டு விட்டியா?" வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக, பதிவான ஒரு நாளைத் திரும்ப ஓட்டும் வழி ஒன்று அதில் இருந்தது.

"சத்தியமா இல்லக்கா." அவனே பார்த்தான். டெமோ அணைந்துதான் இருந்தது.

வெயில் சன்னல் வழியாக விழுந்தாலும் கண் ஏமாறும், அவளுக்குத் தெரியும். திரைச்சீலை ஆடினாலும் ஏமாறும். ஆனால் வெயில் ஓர் அறையை விட்டு இன்னோர் அறைக்கு நடக்காது. பேட்டரி இறங்கினால் மூன்றும் கண்டபடி மின்னும். இது வரிசையாக, கால் வலிக்கிறவர் நடக்கும் வேகத்தில் வந்தது.

"திருடனா இருக்குமோ?" என்றான் தம்பி.

"திருடன் டீ போடுவானா? மணியைப் பாரு" என்றாள் அம்மா. "இது நான் டீ போடுற நேரம்."

"அம்மா, நீ இங்க இருக்கே."

"அதைத்தானே நானும் யோசிக்கிறேன்."

மூவரும் தம்பியின் வண்டியில் போனார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அம்மாவின் பையில். தம்பி அதை வாங்கித் திறந்து கதவைத் தள்ளினான். அக்கா வாசலிலேயே கையை நீட்டி இருவரையும் நிறுத்தினாள். அங்கிருந்து பார்த்தால் கூடத்தைத் தாண்டிச் சமையலறைச் சுவர் தெரியும்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் மனதுக்குள் எண்ணினாள். பதினொன்று என்றபோது அணைந்தது. அப்படியானால் அவள் எண்ணத் தொடங்குவதற்கு ஒன்பது விநாடிக்கு முன்னால் அங்கே ஏதோ அசைந்திருக்கிறது. அப்போது தம்பி பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

கட்டிலுக்கு அடியில், பீரோவில், எல்லாச் சன்னலிலும் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. அடுப்பு சில்லென்று இருந்தது.

"சரி, துணியை எடுத்து வையும்மா" என்றான் தம்பி. "விளக்கு பொய் சொல்லிடுச்சு."

அம்மா சமையலறை வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. "நான் தனியா இருக்கேன்னுதானேடா இத்தனை நாளா பயந்தீங்க?" என்றாள்.

தம்பி துணிகளை எடுக்கப் பீரோவைத் திறந்தான்.

"ஒரே ஒரு நாள் பொறுடா" என்றாள் அக்கா. கண் பழுதாக இருக்கலாம் என்று மூன்று விளக்குகளையும் மாற்றினாள். பிறகு அம்மாவின் காதோடு ஓர் அடையாளம் சொன்னாள். இனி டீ போடும்போது சமையலறை விளக்குக்கு முன்னால் கையை வேகமாக இரண்டு முறை வீச வேண்டும். அப்படி வீசினால் புள்ளி இரண்டு முறை விட்டுவிட்டு மின்னும்படி செய்துவைத்தாள். வெயிலுக்கோ பழுதான கண்ணுக்கோ இது வராது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் மூன்று மணிக்கு அக்காவும் தம்பியும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அவனிடம் அந்த அடையாளத்தைச் சொன்னாள். படுக்கையறை. கூடம். சமையலறை. பிறகு புள்ளி இரண்டு முறை மின்னியது.

"அம்மாதான்" என்று தம்பி மூச்சு விட்டான். "நீ சொன்னா சொன்னபடிதான்க்கா."

புள்ளி மறுபடியும் மின்னியது. இரண்டு முறை.

"ரெண்டாவது தடவை எதுக்கு காட்டுறாங்க?" என்று சிரித்தான்.

அக்கா போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். மணி வெகுநேரம் அடித்தது.

"இருடி, வரேன், வரேன்" என்றது அம்மாவின் குரல், தூக்கக் கலக்கத்தோடு. "கண்ணுல மருந்து விட்டதும் அசந்துட்டேன். இன்னும் படுக்கையை விட்டே எழுந்திருக்கல. கை வீசலேன்னு திட்டாதே."

அக்கா போனை வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வண்டியை எடு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடலாம்."

"ஏன்க்கா? நல்லா வேலை செய்யுதே."

"செய்யுது" என்றாள் அக்கா. "சீக்கிரம் வா."