தோற்பதற்கு ஓர் ஆள்

பிரம்மநாயகத்துக்குக் குத்துச்சண்டையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதுதான். அந்த இரண்டாவது ஆளைப் பிடித்துக் கொடுப்பதே ஒரு தொழில் என்று அவர் கண்டுகொண்டது, சீனச் சண்டை முடிந்த மறு வருஷம்.

அதுவரை மாட்டுங்கா லேபர் கேம்பில் இருந்துகொண்டு கல்யாணத்துக்கு மேளம், கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு, கட்சிக் கூட்டத்துக்கு நாற்காலி என்று கேட்டவர்களுக்குக் கேட்டதைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உல்லாஸ்நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த லச்மன்தாஸ் சேட் ஒரு பந்தல் விஷயமாக அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது சேட் பந்தலைப் பற்றிப் பேசவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேட்டுக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம். மைதானத்தில் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, டிக்கெட் வைத்து, ஞாயிறுதோறும் சண்டை நடத்தினார். தங்கை மகன் கிஷோரை ‘உல்லாஸ்நகர் சிங்கம்’ என்று போஸ்டர் ஒட்டி வளர்த்துவந்தார். கிஷோருக்கு நல்ல தலைமுடி. குத்துதான் சுமார். ரயில்வேயிலிருந்து கெட்டிக்காரர்களைக் கூட்டிவந்தால் அவர்கள் கிஷோரைப் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். சோப்ளாங்கிகளைக் கூட்டிவந்தால் முதல் ரவுண்டிலேயே அவர்கள் படுத்துக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் நாற்காலியை வீசினார்கள். ஜெயிக்கவும் கூடாது, விழவும் கூடாது, கடைசி வரை நின்று பாயிண்டில் தோற்க வேண்டும், அப்படி ஓர் ஆள் பம்பாயில் கிடைப்பானா என்று சேட் கேட்டார்.

பிரம்மநாயகத்துக்கு உடனே பூதத்தானின் நினைப்பு வந்தது.

பூதத்தான் தாராவியில் ஒரு தோல் கிட்டங்கியில் உப்புத்தோல் சுமக்கிறவன். ஒருமுறை லாரியிலிருந்து ஒரு கட்டு அவன்மேல் சரிந்து விழுந்தது. எல்லாரும் ஓடிப்போய்த் தூக்கினால், அவன் எழுந்து நின்று தோல் ஏதும் கிழிந்துபோயிற்றா என்று கேட்டான். கோபம் என்பதே அவனிடம் கிடையாது.

“நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்டே. நிக்கணும், அவ்வளவுதான்” என்றார் பிரம்மநாயகம்.

பூதத்தானுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. “கோவத்துல அடிப்பானா அண்ணாச்சி?”

“கோவமெல்லாம் கெடையாது. அவனுக்கு அது உத்தியோகம்.”

“அப்பம் சரி” என்றான் பூதத்தான்.

தொழில் நன்றாக நடந்தது. முதல் சண்டையில் பூதத்தானுக்கு ‘மதுரை வேங்கை’ என்று பெயர். கிஷோர் குத்திக்கொண்டே இருந்தான். பூதத்தான் ரயிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றான். ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்த சண்டைக்கு மீசையை எடுத்துவிட்டு ‘கொழும்புக் காளை’ ஆனான். அதற்கும் அடுத்ததற்கு மொட்டை போட்டு ‘பர்மா பயில்வான்’. பிரம்மநாயகம் கறுப்புக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். சேட்டின் ஆட்கள் அவரை ‘மேனேஜர் சாப்’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயரை மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லவைப்பதற்காகவே அவர் டீக்கடையில் கொஞ்சம் காது கேட்காதவர் போல உட்கார்ந்திருப்பார்.

பூதத்தானின் மனைவி ஆறுமுகத்தாயிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. கல்யாண் கூட்ஸ் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்குகிற வேலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவள் முறுக்குச் சுட்டு விற்கிறவள். எண்ணெயின் சூட்டைப் பார்வையிலேயே அறிகிறவளுக்குப் புருஷன் முகத்து வீக்கம் தெரியாதா? மூட்டை சரிந்துவிட்டது என்று அவன் சொன்னான். எல்லாருக்கும் மூட்டை முதுகில் விழும், இவருக்கு மட்டும் மூஞ்சியில் விழுகிறதே என்று அவள் யோசித்தாள். எந்த நேர்த்திக்கடனும் இல்லாமல் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததும் சந்தேகம் முற்றிவிட்டது. அடுத்த ஞாயிறு அவன் சயானில் ரயில் ஏறியபோது, அவளும் முறுக்குக் கூடையோடு பெண்கள் பெட்டியில் ஏறினாள்.

மைதானத்து வாசலில் டிக்கெட் பார்க்கிறவன் அவளைத் தின்பண்டம் விற்க வந்தவள் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டான். அன்றைக்குப் பூதத்தான் ‘சிங்கப்பூர் சூறாவளி’. முதல் ரவுண்டு முழுவதும் சூறாவளி அசையாமல் நின்று குத்து வாங்கியது. மணி அடித்ததும் பிரம்மநாயகம் வாளியும் துண்டுமாக மூலைக்கு ஏறினார். திரும்பிப் பார்த்தால், கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஆறுமுகத்தாய் நிற்கிறாள். அவருக்குக் கோட்டுக்குள் வியர்த்துவிட்டது.

“அண்ணாச்சி, இது என்ன வேலை?”

கூட்ஸ் ஷெட் கதையைத் தொடர்வதில் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்து, அவர் தொழிலின் நுட்பங்களை விளக்கினார். பாயிண்ட் என்றால் என்ன, நின்று தோற்பது எவ்வளவு கௌரவமானது, விழுந்து தோற்பது எவ்வளவு கேவலம் என்றெல்லாம் சொன்னார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“இவுக திருப்பி அடிக்கப்பிடாதுன்னு சட்டமா?”

“சட்டம் இல்ல தாயி. ஒப்பந்தம்.”

“யாரு பேசுன ஒப்பந்தம்?”

“நாந்தான்.”

அதற்குமேல் அவரிடம் அவளுக்கு வேலை இருக்கவில்லை. முந்தானையால் புருஷனின் முகத்தைத் துடைத்தாள். “உங்களை அடிக்கதுக்கு வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன். இவன் யாரு? ஒண்ணே ஒண்ணு குடுத்துட்டு வாங்க. போவோம்.”

பூதத்தான் மேனேஜரைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். யார் பேச்சைக் கேட்பது என்பதில் அவனுக்குக் குழப்பம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

மணி அடித்தது. கிஷோர் வழக்கம்போல் துள்ளிக்கொண்டு வந்தான். பூதத்தான் கிளவுஸ் மாட்டிய இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு, தோல் கட்டைத் தோளுக்கு ஏற்றுகிற மாதிரி வலது கையைக் கீழிருந்து மேலே கொண்டுபோனான். உல்லாஸ்நகர் சிங்கம் பாயை விரித்தாற்போல் படுத்துவிட்டது.

ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தபோது, எண்ணப்படுவது தன் பிழைப்புதான் என்று பிரம்மநாயகத்துக்குத் தோன்றியது. சேட் நாற்காலியில் ஏறி நின்று சிந்தியில் ஏதோ சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜனங்களோ கூரை இல்லாத மைதானத்தில் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். கிஷோர் கண் விழித்து, முடிந்துவிட்டதா என்று கேட்டான். நீ தோற்றுவிட்டாய் என்றார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. இனிமேல் தன்னைக் கடையிலே உட்காரவிடுவார்களா என்று மாமாவிடம் மெதுவாகக் கேட்டான். ஆறுமுகத்தாய் இரக்கப்பட்டு ஒரு முறுக்கு கொடுத்தாள். தாடையின் நல்ல பக்கமாக ஒதுக்கி அதைக் கடித்தான்.

அதற்கப்புறம் பிரம்மநாயகம் பைக்குல்லாவில் சண்டை நடத்துகிற இன்னொருவரைப் போய்ப் பார்த்தார். ஆள் தோற்பானா என்று அவர் கேட்டார். சமீப காலமாக இல்லை என்று பிரம்மநாயகம் உண்மையைச் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது.

சில நாள் கழித்து, சேட்டே காரை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாராவிச் சந்துக்குள் நடந்து வந்தார். செய்தி கேட்டுப் பிரம்மநாயகம் கோட்டில் ஒரு கை மட்டும் நுழைத்த நிலையில் ஓடிவந்து சேர்ந்தார். அதற்குள் சேட், ஆறுமுகத்தாயின் அடுப்புக்கு எதிரே ஒரு தகரடின்மேல் உட்கார்ந்திருந்தார். பூதத்தான் மாவு பிழிந்துகொண்டிருந்தான்.

அவளுடைய ஹிந்தி முறுக்கு வியாபாரத்துக்கு மட்டும் போதுமானது. சேட் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை பிரம்மநாயகத்தின் தலையில் விழுந்தது. கிஷோரைக் கீழே போட்டவனை மறுபடி காட்டு என்று ஜனங்கள் நச்சரிக்கிறார்களாம். இனிப் பூதத்தான் ஜெயிக்கலாமாம். அதுவரை உற்சாகமாக மொழிபெயர்த்துவந்தவர், அடுத்த வார்த்தையில் சிக்கிக்கொண்டார். நடுவில் இந்த மேனேஜர் வேண்டாம், நாமே பேசிக்கொள்வோம் என்று சேட் சொல்லியிருந்தார்.

“மேனேஜருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை செய்யணும்னு சொல்லுதாரு” என்றார் பிரம்மநாயகம்.

ஆறுமுகத்தாய் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொசுவை வெரட்டுத மாதிரி கையை வீசுனாரே, அதுவா மரியாதை?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொன்னார். பூதத்தான் மாவு பிழிவதை நிறுத்திவிட்டுப் பரிதாபமாக அவரைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவருக்கு அதிகம் வலித்தது.

ஆறுமுகத்தாய் முறுக்கைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். வேங்கை, காளை எதுவும் வேண்டாம். அவர் பெயர் பூதத்தான், போஸ்டரில் அதுதான் இருக்க வேண்டும். அடித்தால் திருப்பி அடிப்பார். எதிரே நிற்கிறவனுடைய வீட்டுப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்து, அவள் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி கூடவே இருப்பார். அவர் போய்விட்டால் சேட் பேசுவது யாருக்குப் புரியும்?

சேட் தாடையைச் சொறிந்தார். அப்படியானால் மேனேஜர் யார் என்று கேட்டார். இந்தத் தடவை பிரம்மநாயகம் கேள்வியைத் தமிழில் சொல்லவே இல்லை. அவரே கையை நீட்டி அடுப்புப் பக்கம் காட்டினார்.

எதிராளியைத் தேடி அலைவதில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு போயின. பம்பாயில் குத்துச்சண்டைக்காரர்கள் இருந்தார்கள். வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் யாருமில்லை. ஒரு வீட்டில் விளக்குமாற்றோடு வந்தார்கள். இன்னொரு வீட்டில் அவர் மூலமாகத்தான் விஷயமே தெரியவந்து, குத்துச்சண்டைக்காரர் அன்றைக்கே தொழிலை விட்டார். கடைசியில் செம்பூரில் மோட்டார் மெக்கானிக்காக இருந்த ரஹ்மத்துல்லாவின் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். ரஹ்மத்துல்லாவின் மனைவி சாயிராவும் தெற்கத்திக்காரி. எதிராளிக்குக் குடி உண்டா, முன்கோபம் உண்டா என்று விசாரித்தாள். ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

அடுத்த வாரம் பூதத்தானைக் கூட்டிப்போனார். அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சத்தம் வராமல் டீ குடித்தான். சாயிரா அவன் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் கையின் அகலம் அவளைக் கொஞ்சம் யோசிக்கவைத்தது.

“மூக்குல மட்டும் வேண்டாம் அண்ணே. அவங்களுக்கு ஏற்கெனவே சளித் தொந்தரவு” என்றாள்.

“சரிம்மா” என்றான் பூதத்தான். அங்கே உட்கார்ந்திருந்த ரஹ்மத்துல்லா இந்த ஏற்பாட்டில் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டான்.

அந்தச் சண்டைக்கு மைதானம் கொள்ளவில்லை. இரண்டு பெண்களும் முன்வரிசையில் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரை நன்றாகக் குத்தினாலும் இருவருமே உச்சுக்கொட்டினார்கள். அடிகள் பலமாகத்தான் விழுந்தன. மூக்குப் பக்கம் கை போனால் மட்டும் பூதத்தான் அதை வழியிலேயே திருப்பிக்கொண்டான். கடைசி மணிவரை இருவரும் நின்றார்கள். டிரா என்று ரெஃப்ரி இரண்டு கையையும் தூக்கினார். சேட்டுக்கு டிரா பிடிக்காது. ஆனால் அடுத்த சண்டைக்கு இப்போதே டிக்கெட் கேட்கிறார்கள் என்று ஆட்கள் வந்து சொன்னதும் பிடித்துவிட்டது.

திரும்பும் ரயிலில் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டுவந்தார்கள். வீங்கிய முகங்களோடு ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். பிரம்மநாயகம் வாளியோடு வாசலில் நின்றார். அடுத்த சண்டையை எப்போது வைக்கலாம் என்று கேட்கத் தொண்டையைக் கனைத்தார். நோன்பு முடிந்து பெருநாள் கழியட்டும் என்று தாங்கள் முடிவுசெய்துவிட்டதாக ஆறுமுகத்தாய் சொன்னாள். இனி அவர் செய்ய வேண்டியது அதைச் சேட்டிடம் போய்ச் சொல்வது மட்டுந்தான். என்ன சொன்னால் சேட் ஒப்புக்கொள்வார் என்று, தாதரில் இறங்க வேண்டியவர்கள் முட்டித் தள்ளுகிறவரைக்கும், அவர் ஹிந்தியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் சயான் போய், அவர் இறங்க வேண்டிய மாட்டுங்காவும் போயிருந்தது.